பிரசாதம் சாப்பாட்டில் சேராது

வார்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாவதில் தவறியவன். பேச்சு குறைவு. எழுத்து அதைவிடக் குறைவு. கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆகும் நாள் வரை எனக்கு வார்டு பாய் என்றுதான் பெயர். தலை நரைத்தது, பேரன் பிறந்தான், அப்போதும் பாய்தான். செவிலிமேட்டில் பஸ் ஏறினால் கண்டக்டர்கூட "இன்னா பாய், டூட்டியா?" என்பார். பழகிவிட்டது. உங்களுக்கும் பழகிவிடும்.

ஸ்ட்ரெச்சரை எப்படிப் பிடிப்பது, படுக்கைப்புண் வராமல் ஆளை எப்படிப் புரட்டுவது, இதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒரு மாதத்தில் கை தானாகக் கற்றுக்கொள்ளும். கை கற்றுக்கொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் அழுதுகொண்டே ஒன்றைக் கேட்பார். கொடுத்தால் அவருக்கே கெடுதல். கொடுக்காவிட்டால் நீ கல்நெஞ்சக்காரன். அந்த நேரத்தில் என்ன செய்வது? எனக்கு அது வேதாசலம் என்ற நெசவாளர் வந்தபோது புரிந்தது. அதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நம்முடையது புற்றுநோய் ஆஸ்பத்திரி. வாசல் பலகையைப் படித்ததுமே பலர் உள்ளே வராமல் திரும்பிவிடுவார்கள். அதிலும் கணையத்தில் கட்டி என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே திரும்பிப் போகத் தோன்றும். மஞ்சள் காமாலையோடு வருவார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களில் அதிகம் பேர் திரும்ப வந்து வணக்கம் சொன்னதில்லை. இருப்பதை இருக்கிறபடி சொல்ல வேண்டும்.

வேதாசலம் அப்படி வரவில்லை. கன்னம் உப்பி, தொந்தி வைத்து, மாப்பிள்ளை போல நடந்து வந்தார். பிள்ளையார்பாளையத்துக்காரர். தறிக்குழியில் உட்கார்ந்தால் தொந்தி இடிக்கிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மனைவி பச்சையம்மா. இன்னொருவர் அண்ணன் தயாளன். பேசியதெல்லாம் அண்ணன்தான்.

"காலையில மட்டும் பைத்தியம் புடிக்குதுங்க. சோறு துன்னா தெளிஞ்சிடுது."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை வைத்துவிட்டார். "சாப்பிட்டா தெளியுதா?"

"ஆமாங்க. வெல்லம் குடுத்தாகூட தெளியுதுங்க" என்றாள் பச்சையம்மா. அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

இரண்டு வருஷமாக இப்படி. தினமும் வராது, ஆனால் எந்த நாள் வரும் என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் உடம்பு தொப்பலாக வேர்க்கும். மனைவியை யார் என்று கேட்பார். கெட்ட வார்த்தையில் திட்டுவார். பச்சையம்மா இருட்டோடு எழுந்து அவர் வாயில் ஒரு துண்டு வெல்லத்தைத் திணிப்பாள். சற்று நேரத்தில் ஆள் பழையபடி ஆகிவிடுவார். நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. ஒரு நாள் அவள் கண் அயர்ந்துவிட்டாள். அன்றைக்கு வேதாசலம் எழுந்துபோய் அண்ணன் தறியில் நீளவாக்கில் ஏற்றி வைத்திருந்த பட்டுப் பாவு நூலைக் கத்தியால் குறுக்கே அறுத்துவிட்டார். மூன்று சேலைக்கான பாவு. தறிக்காரர் வீட்டில் பாவு அறுபடுவது என்றால் என்ன என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவரைத் தறியில் உட்கார விடவில்லை.

தயாளன் கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். வெளியூரில் பைத்தியம் தெளிவிக்கிற ஓர் இடத்தில் சொல்லி வைத்திருந்தார். அங்கே சங்கிலி போட்டு வைப்பார்கள். அதற்குள் தெருமுனை டாக்டர் ஒருவர் காலை நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது, வயிற்றில் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்டு எங்களிடம் அனுப்பினார்.

எங்கள் டாக்டர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். வயது குறைவு, பொறுமை அதிகம். அண்ணனுக்குப் புரியும்படி சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"கணையத்துல வர்ற புற்றுநோய்ல முக்காவாசி ஒரே ஜாதி. அது பொல்லாதது. இது அபூர்வமான ஜாதியா இருக்கலாம். இன்சுலின் சுரக்கற எடத்துலயே ஒரு சின்னக் கட்டி. அது பாட்டுக்கு இன்சுலினைக் கொட்டிண்டே இருக்கும். ரத்தத்துல சர்க்கரை இறங்கிடும். மூளைக்குச் சர்க்கரை இல்லேன்னா மனுஷன் என்ன பேசறான்னு அவனுக்கே தெரியாது."

"அப்ப பைத்தியம் இல்லையா?"

"கட்டி இருந்தா இல்லை. எடுத்துட்டா சரியாயிடும். இந்த ஜாதியில பரவறது குறைவு."

"ஸ்கேன்ல தெரியுதா?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை. பட்டாணி அளவு கட்டிகூட இவ்வளவு வேலை செய்யுமாம். அறுவை செய்யும் பெரிய டாக்டர் சென்னையிலிருந்து வருகிறவர். ரத்தத்தில் நிச்சயமாகத் தெரியாமல் வயிற்றைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நிச்சயமாகத் தெரிய ஒரே வழி, ஆளைப் பட்டினி போடுவது. சர்க்கரை இறங்கி, ஆள் தடுமாறும்போது ரத்தம் எடுக்க வேண்டும். அந்த நேரத்து ரத்தத்தில் இன்சுலின் நிறைய இருந்தால் கட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

ஆண்கள் வார்டில் கட்டில் கொடுத்தோம். பக்கத்துக் கட்டிலில் செவிலிமேட்டிலிருந்து ஒரு பழைய பஸ் கண்டக்டர். கழுத்தில் கட்டிக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்ள வந்தவர். வாய் மட்டும் ஓயாது. வார்டுக்கே அவர்தான் ரேடியோ.

டாக்டர் பச்சையம்மாவை நிற்கவைத்துச் சொன்னார். "தண்ணி மட்டும். காபி, டீ, இளநீர், பழம், மோர், சோறு, டிபன், எதுவும் கூடாது. புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சிதுங்க."

பட்டினி தொடங்கியது. ஒரு நாள் போனது. சர்க்கரை இறங்கவில்லை. மறுநாள் காலை வந்தது. வேதாசலம் எழுந்து உட்கார்ந்து கண்டக்டரோடு ஊர்க்கதை பேசினார். வேர்வை இல்லை, உளறல் இல்லை. சிஸ்டர் விரலில் குத்திக் குத்திப் பார்த்தார். என் சர்க்கரையைவிட அவர் சர்க்கரை ஒழுங்காக இருந்தது.

டாக்டர் முகம் சுருங்கியது. "ஒண்ணும் குடுக்கலியேம்மா?"

"சாமி சத்தியமா இல்லீங்க. பச்சத்தண்ணிதான்."

அவள் பொய் சொல்கிற முகம் இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். தயாளன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்தீங்களா சார்? வயித்துல ஒண்ணும் கெடையாது. அல்லாம் மண்டையிலதான். நான் இட்டுக்கினு போறேன்."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க" என்றார் டாக்டர். அவருக்கே நம்பிக்கை போய்விட்டது தெரிந்தது.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் மற்ற ஊர்களில் ஆரஞ்சு வாங்கி வருவார்கள். நம் ஊரில் கோயிலுக்குப் போய்விட்டு வருவார்கள். தொன்னையில் சர்க்கரைப் பொங்கல், இலையில் சுற்றிய கோயில் இட்லி, புளியோதரை. கொண்டு வந்ததை ஒருவருக்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள். வார்டு முழுக்கக் கொடுப்பார்கள். நாங்களும் கையை நீட்டுவோம். எங்கள் சிஸ்டர் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவரும் நீட்டுவார். அதை யாரும் தின்பண்டம் என்று நினைப்பதில்லை.

அன்று சாயங்காலம் பச்சையம்மாவின் சித்தப்பா ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். அம்மன் கோயில் பொங்கல். பச்சையம்மா வழக்கம்போல எல்லாருக்கும் வைத்தாள். டாக்டர் அப்போதுதான் உள்ளே வந்தார். அவர் கையிலும் ஒரு கவளம் வைத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். நெய் வழிந்தது. உள்ளங்கையை நக்கினார்.

நக்கியவர் பாதியில் நின்றார்.

எதிரே வேதாசலமும் உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார் டாக்டர் மெதுவாக. "இதை அவருக்கும் குடுத்தியா?"

"குடுத்தேங்க."

"நேத்து?"

"நேத்தும் குடுத்தேங்க. காலையில ஒரு வாய், சாயங்காலம் ஒரு வாய். எங்க சித்தப்பா தவறாம எடுத்தாந்துடறாரு."

"ஒண்ணும் குடுக்கலேன்னு சத்தியம் பண்ணியேம்மா!"

"சாப்பாடு ஒண்ணும் குடுக்கலீங்க. இது பிரசாதங்க."

சிஸ்டர் வாயில் பொங்கல் இருந்தது. முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. நான் என் தொன்னையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். கண்டக்டர்தான் வாயைத் திறந்தார்.

"டாக்டர் சார், அந்தம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. நீங்க சொன்ன கணக்குல பிரசாதம் வரலியே."

டாக்டர் தன் கையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வார்டே சிரித்தது. பச்சையம்மாவுக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை. சிரிக்காதவர் தயாளன் ஒருவர்தான்.

"நாளான்னிக்கு, வெள்ளிக்கெழம காலையில, சொல்லி வெச்ச எடத்துக்கு வண்டி சொல்லிட்டேன்" என்றார். "அதுக்குள்ள உங்க டெஸ்ட்ட முடிச்சிக்கோங்க. அப்பால நான் யாரையும் கேக்க மாட்டேன்." போய்விட்டார்.

பட்டினி முதலிலிருந்து தொடங்கியது. டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். "வாயை மட்டும் பார்த்துக்கோப்பா. எதுவும் உள்ளே போகக்கூடாது."

சொல்வது சுலபம். சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லலாம். பிரசாதத்தை எப்படிச் சொல்வது? பச்சையம்மாவுக்கு வாய் வராது. எனக்கும் வராது. எங்கள் கிராமம் மாகறலில் அம்மா கோயில் வாசலில் நின்று கையேந்தி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவன். நான் எப்படித் திருப்பி அனுப்புவேன்?

வழி சொன்னவர் வேதாசலம். "கையில வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினு குடுத்துடறேன்ணா. சாமிக்குத் தெரியாதா இன்னா, நான் ஆஸ்பத்திரியில கெடக்கிறது?"

பக்கத்துக் கட்டில் உடனே கையை நீட்டியது. "கண்ணு உன்னுது, வாய் என்னுது. வேல முடிஞ்சிது."

அப்படியே நடந்தது. சித்தப்பா வந்தார், கொடுத்தார். வேதாசலம் ஒற்றிக்கொண்டார். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்டக்டரிடம் சேர்த்தேன். ஓர் அம்மாள், "ஒரே ஒரு பருக்கதான்பா, வாயில போடறேன்" என்று பிடிவாதம் பிடித்தார். "குடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன். சொன்னபடி பார்த்துக்கொண்டேன், அதுவும் கண்டக்டரிடம் போனது. வாதம் செய்யவில்லை. பிள்ளைகளே, இதை மனதில் வையுங்கள். கொண்டு வருகிறவர் கையைத் தட்டிவிடாதீர்கள். வாங்கி வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

நோயாளியே கேட்டபோதுதான் கஷ்டம். மறுநாள் விடியலில் சர்க்கரை இறங்கவில்லை, முதல் நாள் பொங்கல் தாங்கியிருக்கும் என்றார் டாக்டர். மதியம் கண்டக்டர் மோர் சாதம் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார் வேதாசலம். பிறகு என்னிடம் குனிந்தார்.

"அண்ணா, ஒரு வாழப்பழம். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. ரத்தம் சொல்லிடும்."

"கல்லுண்ணா நீ."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? இரண்டு கட்டிலுக்கும் நடுவில் திரையை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு கண்டக்டர் திரைக்கு அந்தப் பக்கம்தான் சாப்பிட்டார். சத்தம் இல்லாமல் சாப்பிட்டார். அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

சிஸ்டருக்கும் எனக்கும் டாக்டர் ஓர் உத்தரவு சொல்லியிருந்தார். "தடுமாற்றம் வந்தா முதல்ல ரத்தம், அப்புறம் குளுக்கோஸ். முதல்ல குளுக்கோஸ் போயிட்டா ரத்தம் எடுத்துப் பிரயோஜனமில்லை. ஆனா வலிப்பு வந்தா டெஸ்டை விட்டுடுங்க. குளுக்கோஸை ஏத்துங்க. ஆளைவிட டெஸ்ட் பெரிசில்லை." கையில் ஊசிக்குழாய் ஏற்கெனவே போட்டு வைத்தாயிற்று. ரத்தக் குப்பிகளை ஐஸ் போட்ட பிளாஸ்கோடு தலைமாட்டில் வைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஜன்னல் வெளுத்துக்கொண்டிருந்தது. பால்காரர் சைக்கிள் மணி கேட்டது. வேதாசலத்தின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"அண்ணா" என்று பச்சையம்மா எழுந்தாள்.

நான் சிஸ்டரைக் கூப்பிட்டேன். சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்தார். "எறங்கிடுச்சு. டாக்டர் குவார்ட்டர்ஸுக்கு ஆள் போகட்டும்" என்று கத்தினார். அதற்குள் வேதாசலம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிந்தார். ரத்தம் தெறித்தது. சிஸ்டர் வேறு ஊசி எடுத்தார். நான் கையைப் பிடித்தேன். உதறினார். தறி ஓட்டிய கை. நான் மூட்டை தூக்கி வளர்ந்தவன், என்னாலேயே பிடிக்க முடியவில்லை.

கைகள் இரண்டும் காற்றில் போய்ப்போய் வந்தன. இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.

பச்சையம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெல்லம். இரண்டு வருஷமாக இந்த நேரத்துக்கு அவள் கை தானாக அங்கேதான் போகும். அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வுடுண்ணா! செத்துடுவாரு!"

"கொஞ்சம் பொறும்மா."

"எத்தினி நாழி பொறுக்கறது? உன் பொண்டாட்டி புள்ளன்னா இப்படிப் பாத்துக்கினு இருப்பியா?"

நான் வேதாசலத்தின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் கிட்டினால் வலிப்பு வரப்போகிறது. கிட்டினால் டெஸ்டை விட்டுவிட வேண்டியது, முதலில் குளுக்கோஸ் என்று மனதில் முடிவு செய்திருந்தேன். இன்னும் கிட்டவில்லை. திட்டிக்கொண்டிருந்தார். திட்டுகிற வரை நேரம் இருக்கிறது.

அப்போதுதான் வாசலில் தயாளன் வந்து நின்றார். வண்டியோடு வந்திருந்தார். தம்பியின் கைகளைப் பார்த்தார்.

"நெய்யிறான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். பச்சையம்மா நிமிர்ந்து கணவனின் கைகளைப் பார்த்தாள். வெல்லத்தை என் கையில் போட்டுவிட்டுக் கட்டிலின் இடதுபக்கம் ஓடி முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நெசவாளர் குறுக்கு நூல் சுற்றிய நாடாவை ஓட்டினால், கரைப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து வாங்கித் திருப்பி விட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கரைப்பக்கம் உட்கார்ந்தவள் பச்சையம்மா.

"நாடாவ இப்படிக் குடு" என்றாள். அழுகை இல்லை. தறியில் பேசுகிற குரல். "கர பக்கம் நான் இருக்கேன். குடு."

வேதாசலத்தின் வலது கை வளைந்து வந்து இடதுபக்கம் நீண்டது. முழுசாக நீண்டது. இல்லாத நாடாவை அவள் கையில் வைத்தது. அவள் இரண்டு கையாலும் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கேன். இழுக்காத. நூலு சிக்கிக்கினு இருக்குது."

கை அப்படியே நின்றது. நூல் சிக்கினால் எந்த நெசவாளரும் இழுக்க மாட்டார். நான் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். சிஸ்டர் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். குப்பிகள் நிரம்பின. அதே ஊசியில் குளுக்கோஸ் ஏறியது.

ஓடிவந்த டாக்டர் உள்ளே நுழையும்போது வேதாசலம் கண்ணைச் சிமிட்டினார். சுற்றிலும் பார்த்தார். என்னை, சிஸ்டரை, முட்டி போட்டு உட்கார்ந்திருந்த மனைவியை, வாசலில் அண்ணனை.

"இன்னாத்துக்கு எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருக்கீங்க?" என்றார். பிறகு மனைவியிடம், "நீ ஏன் கீழ உக்காந்துக்கினு இருக்கிற? எழுந்திரு, தரை சில்லுனு இருக்கும்."

தயாளன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷமாகத் தம்பி உளறியதைப் பார்த்திருக்கிறார். ஒரு ஊசி சர்க்கரைத் தண்ணீரில் தம்பி திரும்பி வந்ததைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வண்டிய அனுப்பிச்சிடு" என்று என்னிடம் சொன்னார். நான் வெளியே போய் அனுப்பிவிட்டு வந்தேன். வெல்லம் என் உள்ளங்கையில் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

ரத்தம் சென்னைக்குப் போனது. பதில் வந்தது. டாக்டர் நினைத்ததுதான். பெரிய டாக்டர் வந்து வயிற்றைத் திறந்தார். ஸ்கேனுக்குத் தெரியாததை விரலால் தடவித் தேடினாராம். கணையத்தின் நடுப்பக்கத்தில் பட்டாணிக்கும் சின்னதாக ஓர் உருண்டை. அதை மட்டும் நோண்டி எடுத்தார். மருந்து ஊற்றிய பாட்டிலில் போட்டு டெஸ்டுக்கு அனுப்பும்போது நானும் பார்த்தேன். ஒரு குடும்பத்தையே ஆட்டி வைத்தது அவ்வளவுதான். பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

பெரிய டாக்டர் விரலால் தேடிய கதையை வேதாசலத்திடம் நான் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "பின்ன? பாவுல முடிச்சு இருந்தா நாங்களும் கையாலதான் தேடுவோம்" என்றார்.

அதற்குப் பிறகும் நான் இந்த அபூர்வ ஜாதிகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு வயிற்றுப்புண் ஆறவே ஆறாது. காரணம் கணையத்தில் ஒரு கட்டி, அது வயிற்றில் அமிலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தது. மாத்திரையில் அடக்கி வைத்து, பிறகு அறுத்து எடுத்தார்கள். ஒரு டீச்சரம்மாவுக்குக் கட்டி ஈரலுக்குப் போய்விட்டது. முழுசாக எடுக்க முடியவில்லை. மாதம் ஒரு ஊசி. அந்த ஊசியோடு பல வருஷம் பள்ளிக்கூடம் போனார், பையன்களை மிரட்டினார். எல்லாருக்கும் வேதாசலத்துக்கு ஆனதுபோல ஆகும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கணையம் என்று கேட்டதுமே கதை முடிந்தது என்றும் முகத்தில் காட்டாதீர்கள். எந்த ஜாதி என்று தெரியும் வரை உங்கள் முகம் சாதாரணமாக இருக்கட்டும். நோயாளி முதலில் படிப்பது உங்கள் முகத்தைத்தான்.

இன்னொன்று. யாராவது அழுதுகொண்டு கேட்டால், முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். அந்தக் கைக்கு வேறு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையம்மாவை நான் தடுத்துக்கொண்டே நின்றிருந்தால் ரத்தம் கிடைத்திருக்காது. அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள், அதனால் கிடைத்தது. அவள் இடம் எது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் அவள் கொழுந்தனுக்கும்... தப்பு, மச்சாண்டார் தயாளனுக்கும் தெரிந்திருந்தது. இந்த உறவு முறையெல்லாம் என் மனைவிதான் திருத்துவாள்.

அறுவை முடிந்து சில நாள் அவருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறியது. அப்படி ஏறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கணையம் பழையபடி வேலைக்கு வரக் கொஞ்ச நாள் பிடிக்குமாம். சிஸ்டர் சர்க்கரை இல்லாத காபியைக் கொடுத்தார். வேதாசலம் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ரெண்டு வருஷமா துன்னு துன்னுன்னு வாயில திணிச்சிங்க. இப்ப ஒரு ஸ்பூனுக்கு வழியில்லையா?"

கண்டக்டர் விடுவாரா? "உன் பங்க நான் போட்டுக்கினேன், நீ குடி."

பிறகு சர்க்கரை தானாகச் சீராகியது. இனி இரவில் சாப்பிட்டால் காலை வரை எதுவும் கொடுக்க வேண்டாம், எப்படி இருக்கிறார் என்று பார்ப்போம் என்றார் டாக்டர். குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றிவிட்டோம். வெல்லம் எதுவும் இல்லாமல் வரும் முதல் விடியல். பச்சையம்மா விழித்தே இருக்கப் போகிறேன் என்று கட்டில் பக்கத்தில் தரையில் பாய் விரித்தாள்.

விடிந்ததும் டூட்டிக்கு வந்து நேராக அந்தக் கட்டிலுக்குப் போனேன். எனக்கும் பயம்தான். வேதாசலம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றி உலர்ந்திருந்தது. கண் என்னைப் பார்த்தது, என்னைத்தான் பார்த்தது. கீழே பச்சையம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை வேறு.

நான் அவளை எழுப்பக் குனிந்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"வுடுண்ணா, தூங்கட்டும். ரெண்டு வருஷமா இந்த நேரத்துல அவ தூங்கி நான் பாத்ததில்ல."

சிஸ்டர் விரலில் குத்திப் பார்க்க வந்தார். அந்தப் பாயைச் சுற்றிக்கொண்டு வரும்படி கை காட்டினேன்.